ஊர் வந்த விடுமுறையில் டாட்டூ: கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் டாட்டூவைக் கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளிப்போடுவதுண்டு. கடல் குளியலும் அலைச்சலும் முடியட்டும் என்று. அந்தக் கணக்கு பாதிதான் சரி. குத்திய தோலின் மேற்புறம் ஆறவே 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரை கடலும் நீச்சல் குளமும் ஆகாது. ஆனால் தொற்று தலைகாட்டும்போது குத்தியவர் ஒரு நாட்டிலும் நீங்கள் வேறு நாட்டிலும் இருப்பீர்கள். கேட்க வேண்டியதை நாற்காலியில் உட்காரும்போதே கேட்டுவிட வேண்டும்.

"புது ஊசிதாங்க" என்பார்கள். பெரும்பாலும் உண்மையும் அதுதான். உறையை உங்கள் கண்முன்னே கிழிக்கச் சொல்லி, காலாவதித் தேதியையும் லாட் எண்ணையும் (தயாரிப்புத் தொகுதியின் எண்) படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, கார்ட்ரிட்ஜுக்குள் (மெஷினில் மாட்டும், ஊசி பொருத்திய சிறு கூடு) சவ்வு இருக்கிறதா என்று கேளுங்கள். சவ்வு இல்லாவிட்டால் மையும் ரத்தமும் பின்வாங்கி மெஷினுக்குள் போகும். அடுத்தவருக்குப் புது ஊசி மாட்டினாலும் மெஷின் பழையதுதானே. ரத்தத்தால் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். திரும்பப் பயன்படுத்தும் ஸ்டீல் கிரிப்பை (மெஷினின் கைப்பிடி) ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவியில், 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடமாவது வைக்க வேண்டும். வெந்நீரும் ஸ்பிரிட்டும் நீல (புற ஊதா) விளக்குப் பெட்டியும் அதற்கு ஈடாகாது.

ஊசியைப் பார்க்கிறவர்கள்கூட மையைப் பார்ப்பதில்லை. நிழல் போட கறுப்பு மையில் தண்ணீர் கலந்து சாம்பல் நிறமாக்குவார்கள். குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ கலந்தால் மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற கிருமி தோலுக்குள் நேராகப் போய்ச் சேரலாம். கலப்பதற்குக் கிருமிநீக்கிய நீர்தான் வேண்டும். ஆலையிலேயே கலந்து வரும் மையிலும் இது நடந்திருக்கிறது: 2011-12இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 19 பேருக்குத் தொற்று வந்தது அப்படித்தான். அதனால் மைப் புட்டியின் பெயரும் பேட்ச் எண்ணும் உங்கள் போனில் இருக்கட்டும். 1 முதல் 3 வாரம் கழித்து, சாம்பல் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் சிவந்த சிறு கட்டிகள் வரும். பார்க்க அலர்ஜி போலவே இருக்கும். ஸ்டீராய்டு களிம்பு பூசினால் மோசமாகும். வழக்கமான ஆன்டிபயாட்டிக்கும் கேட்காது. தோல் துணுக்கு எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்து, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிவரும்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. ஸ்டென்சில் (வரைபடத்தைத் தோலில் பதிக்கும் தாள்) ஒட்ட எல்லோருக்கும் ஒரே டியோடரன்ட் குச்சி. வாசலின் டப்பாவுக்குள் நேராக விரல். கையுறையோடு போனை எடுத்துவிட்டு அதே கையால் தோலைத் துடைப்பது. இதில் ஒன்றைக் கண்டாலும் எழுந்து வந்துவிடலாம், முன்பணம் போனால் போகட்டும்.

விமானத்தில் நெடுநேரம் உட்கார்ந்தால் கால் வீங்கும், புதுக் காயம் உடையோடு ஒட்டும். கணுக்கால் டாட்டூவைப் பயணத்துக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். நாளுக்கு 2, 3 முறை வாசனையில்லாத சோப்பால் கழுவி, காகிதத் துண்டால் ஒற்றினால் போதும். முதல் சில நாள் லேசான சிவப்பு சகஜம். சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்கள் ஆறாத டாட்டூவோடு கடலில் இறங்கினால் விப்ரியோ கிருமியால் உயிருக்கே ஆபத்து.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி வழக்கமாக 0, 1, 6 மாதங்களில் 3 டோஸ். பயணத் தேதி குறித்ததுமே தொடங்க வேண்டிய வேலை. ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. அதைக் கண்டறியும் ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனையை மறுவாரமே செய்தால் ஒன்றும் காட்டாது. 3 மாதம் கழித்துச் செய்யுங்கள்.