டிஸ்னியா, யுனிவர்சலா? ஆர்லாண்டோ அறைக் கணக்கு

டிஸ்னி, யுனிவர்சல் தீம் பார்க்குகளைப் பார்க்க அமெரிக்காவின் ஆர்லாண்டோ போகிறவர்கள் பெரும்பாலும் ரைடுகளைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதற்கு முன் ஒரு பார்க்குக்கு எத்தனை ஹோட்டல் அறைகள் என்று பாருங்கள். வளாகத்து ஹோட்டலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதே மற்றவர்களுக்கு முன்னால் பார்க்குக்குள் நுழையத்தான். அறைகள் கூடினால் அந்தச் சலுகைக்காரர்களின் கூட்டமும் கூடும். திருப்பதியில் 300 ரூபாய் வரிசையே நீண்டு கிடக்கும் நாளில் டிக்கெட் எடுத்தவர் முகம் எப்படி இருக்கும்? அதே கதைதான் இங்கேயும்.

முதலில் டிஸ்னி. 1971ல் ஒரு பார்க், இரண்டு ஹோட்டல்களோடு தொடங்கினார்கள். எப்காட் 1982ல், ஸ்டூடியோ பார்க் 1989ல், அனிமல் கிங்டம் 1998ல். அதோடு சரி, ஐந்தாவது பார்க் இன்றுவரை வரவில்லை. ஹோட்டல்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. 2003ல் பாப் செஞ்சுரி 2,880 அறைகளோடு திறந்தது. அதன் இரண்டாம் பாதிக்காக ஏரியின் எதிர்க்கரையில் எழுப்பிய கட்டடங்கள், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் சுற்றுலா படுத்ததால், பல வருஷம் வெறும் கூடாக நின்றன. கூட்டம் திரும்பியதும் அங்கேயே 2012ல் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் வந்தது. இன்னும் 1,984 அறைகள். இப்போது வளாகத்துக்குள் மொத்தம் சுமார் 30,000 அறைகள். நான்கால் வகுத்தால் பார்க்குக்கு 7,500.

யுனிவர்சலில் மூன்று பார்க்குகள், 11 ஹோட்டல்கள், 11,000 அறைகள். பார்க்குக்கு 3,700 கூட இல்லை. 2025 மே மாதம் மூன்றாவது பார்க்கான எபிக் யுனிவர்ஸ் திறந்த அதே ஆண்டில் மூன்று ஹோட்டல்கள், 2,000 அறைகள் சேர்ந்தன. பார்க்கும் ஹோட்டலும் கைகோத்து வளர்ந்த மாதிரி தெரியும். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் படம் மாறுகிறது. 2014ல் கபானா பே ஹோட்டல் வரும்வரை அங்கே இருந்தது இரண்டு பார்க்குக்கு 2,400 அறைகள்தான், அதாவது பார்க்குக்கு 1,200. பதினோரு ஆண்டுகளில் அந்த விகிதம் மூன்று மடங்காகிவிட்டது. டிஸ்னி போன வழியில்தான் இவர்களும் போகிறார்கள், இன்னும் பாதி தூரம் பாக்கி, அவ்வளவே.

அறைக் கணக்கோடு நிறுத்தினால் டிஸ்னிக்கு அநியாயம். கூட்டத்தை விழுங்குவதில் பழைய டிஸ்னி ரைடுகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டு ரைடில் கறுப்பு இருக்கைகள் சங்கிலி மாதிரி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். அதே வேகத்தில் நகரும் பட்டையில் கால் வைத்து நாம் ஏறி உட்கார வேண்டும். வண்டி நின்று, ஆள் இறங்கி, பெல்ட் பூட்டி என்ற இடைவெளியே கிடையாது. மணிக்கு 2,000 பேருக்கு மேல் போகலாம், அதுவும் கூரைக்கு உள்ளே. எபிக்கிலோ ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸ் போன்ற பெரிய ரைடுகள் சில திறந்த வெளியில் இருக்கின்றன. ஃப்ளோரிடாவில் கோடைக்காலப் பிற்பகல்களில் இடி மின்னல் சர்வ சாதாரணம். மின்னல் நெருங்கினால் அவை நின்றுவிடும். அந்தக் கூட்டம் அப்படியே உள்ளரங்க ரைடுகளின் வரிசைக்குப் போய்ச் சேரும்.

அதனால் பாட்டி தாத்தா, சின்னப் பிள்ளைகளோடு ஒரு வாரம் என்றால் டிஸ்னிதான் என் ஓட்டு. ஆனால் சீக்கிர நுழைவை நம்பி அறை எடுக்காதீர்கள். 30,000 அறைக்காரர்களுக்கும் கிடைப்பது ஒரே அரை மணி நேரம். லைட்னிங் லேன் என்ற குறுக்கு வரிசைக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். வளாகத்தில் தங்குபவர்கள் அதை ஏழு நாள் முன்பே பதியலாம், மற்றவர்கள் மூன்று நாள் முன்பு. உண்மையில் உதவும் சலுகை அதுதான்.

வளர்ந்த பிள்ளைகளோடு இரண்டே நாள் என்றால் யுனிவர்சல். அங்கேயும் மலிவான அறை எடுத்தால் வரிசையில் பெரிய வித்தியாசம் இராது. ராயல் பசிஃபிக், ஹார்ட் ராக், போர்ட்டோஃபினோ பே ஆகிய மூன்று ஹோட்டல்களில் மட்டும்தான், வரிசையைத் தாண்டிப் போக உதவும் எக்ஸ்பிரஸ் பாஸ் அறையோடு இலவசமாக வருகிறது. வந்து இறங்கும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் அது செல்லும் என்பதால், ஓர் இரவு வாடகையில் அறையில் உள்ள அத்தனை பேருக்கும் இரண்டு நாள் பாஸ். பழைய இரண்டு பார்க்குகளுக்கு மட்டும்தான். எபிக்கில் இது செல்லாது.