கொன்ஃபிக் ஃபைலுக்கு எந்த லைப்ரரி? வாசிக்கிறதை விடுங்கோ, எழுதிறதைப் பாருங்கோ

கொன்ஃபிக் ஃபைல் எண்டது புரோகிராமின்ட செட்டிங்ஸை வைக்கிற ஃபைல். அதை வாசிக்க, எழுத ஆரோ செய்து வைச்ச லைப்ரரி (எடுத்துப் பாவிக்கிற கோட்) ஒண்டைத் தேடினா முதல் கண்ணில படுறது வேகக் கணக்குத்தான், இது இத்தனை மில்லிசெக்கன்ட், அது அத்தனை மடங்கு கெதி எண்டு. நாப்பது வரி ஃபைலை புரோகிராம் தொடங்கேக்க ஒருக்கா வாசிக்கிறதுக்கு அந்தக் கணக்கு என்னத்துக்கு? எனக்கு முக்கியம் ரெண்டே ரெண்டு விசயம். ஒரு ஆள் கையால எழுதி வைச்ச ஃபைலை புரோகிராம் திரும்ப எழுதேக்க அந்த ஆளின்ட கொமன்ட் (புரோகிராம் கணக்கெடுக்காத குறிப்பு), ஒழுங்கு எல்லாம் மிஞ்சுதா, உள்ளுக்க தமிழ் இருந்தா அது தமிழாவே திரும்பி வருதா. இந்த ரெண்டையும் பிடிச்சுக்கொண்டு பாத்தா பேர் போன கன லைப்ரரி பின்னுக்குப் போயிடும்.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில ஒரு கடைக்கு பில்லிங் செய்து குடுக்கிறியள் எண்டு வைப்பம். ஃபைல் இப்பிடி இருக்கும், இந்த வடிவத்துக்குப் பேர் ஐஎன்ஐ. சதுர அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறது செக்ஷன், சமன் குறிக்கு முன்னுக்கு இருக்கிறது கீ, பின்னுக்கு அதின்ட பெறுமதி, அரைப்புள்ளியில தொடங்கிற வரி கொமன்ட்.

; பில்லில மேல வாறது
[கடை]
பெயர் = எங்கட கடை
தொலைபேசி = 0210000000
திறக்கும்நேரம் = 8:30
கழிவு = 10%
; 2024 ஜனவரியில இருந்து 18, அதுக்கு முதல் 15
வற் = 18

வற் (பெறுமதி சேர் வரி) பற்றின கடைசிக் கொமன்டை எழுதினது நீங்களில்லை, கடைக்கார அண்ணை நோட்பாட்டில திறந்து தானே போட்டு வைச்சது. நாளைக்கு செட்டிங்ஸ் ஸ்கிரீன்ல ஆரோ பிரின்டரை மாத்தி சேவ் குடுக்க அந்த வரி காணாமப் போனா அவருக்கு உங்கட புரோகிராமில நம்பிக்கை போயிடும், போகத்தானே வேணும்.

பைத்தன்ல எண்டால் எல்லாரும் முதல் தொடுறது கொன்ஃபிக்பார்சர், ஏனெண்டால் அது பைத்தனோடயே வாறது, இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்லை. வாசிக்கிறதுக்கு நல்ல சாமான்தான், ஆம் இல்லை பெறுமதியளை யெஸ், ஓன், ட்ரூ, 1 எண்டு எப்பிடி எழுதினாலும் எடுக்கும். ஆனா திருப்பி எழுதேக்க கொமன்ட் எல்லாத்தையும் தின்டுடும், இங்கிலிஷ் கீ எல்லாத்தையும் சின்ன எழுத்தாக்கிப் போடும், இது பக் இல்லை, அதை அப்பிடித்தான் செய்து வைச்சிருக்கினம். பிறகு அந்த 10%. சதவீதக் குறியைக் கண்டா அது வேற கீயின்ட பெறுமதியை உள்ள போடச் சொல்லுறியள் எண்டு நினைச்சு, எடுக்கப் போகேக்க எரர் அடிக்கும். இந்த வேலைக்குப் பேர் இன்டர்போலேஷன், அதை நன் (ஒண்டும் இல்லை) எண்டு குடுத்து நிப்பாட்டினா சரி, பாஸ்வேட்டில சதவீதக் குறி இருக்கிற ஆக்களுக்கும் இதுதான் மருந்து.

தமிழ் விசயத்தில இதில ஒரு வேடிக்கை இருக்கு. என்கோடிங் (எழுத்தை பைட்டா வைக்கிற முறை) சொல்லாமத் திறந்தா 3.15க்கு முந்தின பைத்தன் வேர்ஷனுகள் விண்டோசின்ட என்கோடிங்கை எடுக்கும், எங்கட கன கொம்பியூட்டரில அது 1252 எண்ட மேற்கு ஐரோப்பிய எழுத்து அட்டவணை. அந்த அட்டவணையில அஞ்சு பைட்டுக்கு எழுத்தே இல்லை, தமிழ்ப் புள்ளியின்ட யூடிஎஃப்-8 (எல்லா மொழிக்கும் பொதுவான என்கோடிங்) வடிவத்தில கடைசிப் பைட் அந்த அஞ்சில ஒண்டு. அதால புள்ளி இருக்கிற 'பெயர்' எண்டதைக் கண்டா புரோகிராம் விழும், புள்ளி இல்லாத 'கடை' மட்டும் இருந்தா விழாம குப்பை எழுத்தா உள்ள போகும். ஒரு கடையில வேலை செய்யுது, பக்கத்துக் கடையில விழுது எண்டு தலையைப் பிய்க்கிறதுக்கு இப்பிடி ஒரு காரணமும் இருக்கலாம். யூடிஎஃப்-8 எண்டு கட்டாயம் சொல்லித் திறவுங்கோ. பழைய விண்டோஸ் நோட்பாட் யூடிஎஃப்-8ல சேவ் பண்ணினா முன்னுக்கு பொம் எண்டு என்கோடிங்கைக் காட்டுற மூண்டு பைட் அடையாளம் போட்டு விடும் (விண்டோஸ் 10ன்ட 1903 வேர்ஷனுக்குப் பிறகுதான் பொம் இல்லாம சேவ் பண்ணுறது வழமையாச்சு), அதைக் கண்டா கொன்ஃபிக்பார்சர் செக்ஷன் தலைப்பே இல்லை எண்டு சண்டை பிடிக்கும், அதுக்கு யூடிஎஃப்-8-சிக் எண்ட என்கோடிங்.

ஐஎன்ஐயை விடாம, கொமன்டையும் காப்பாத்தோணும் எண்டால் கொன்ஃபிக்அப்டேட்டர். கொன்ஃபிக்பார்சர் மாதிரியே பாவிக்கலாம், நீங்கள் மாத்தின வரியை மட்டும் மாத்தும், மிச்சம் இருந்த மாதிரியே கிடக்கும். கொன்ஃபிக்ஒப்ஜெக்ட்டும் கொமன்ட், ஒழுங்கு ரெண்டையும் வைச்சிருக்கும், செக்ஷனுக்குள்ள செக்ஷனும் தரும், ஆனா அந்த ரெட்டை அடைப்புக்குறி எழுத்துமுறை மற்ற ஐஎன்ஐ லைப்ரரிகளுக்கு விளங்காது. எனக்கு முதலாவதுதான்.

ஐஎன்ஐயின்ட பெரிய தலையிடியே அதுதான், ஸ்டான்டர்ட் எண்டு ஒண்டு இல்லை. வற் = 18 எண்டு எழுதி அதே வரியில அரைப்புள்ளி போட்டுக் கொமன்ட் எழுதினா, பைத்தன் 3ன்ட கொன்ஃபிக்பார்சர் அந்தக் கொமன்டையும் பெறுமதியாத்தான் எடுக்கும், சீ மொழியில இருக்கிற இனிஹெச் அதை வெட்டிப்போட்டு 18ஐ மட்டும் தரும். பிஎச்பியின்ட பார்ஸ் ஐஎன்ஐ ஃபைல் ஃபங்ஷன், பெறுமதி 'நோ' எண்டு இருந்தா வெறும் வெத்து எழுத்தாத் தரும், அதோட வாசிக்க மட்டும்தான், எழுதிறதுக்கு பிஎச்பியில ஒண்டும் இல்லை. ஒரே ஃபைலை ரெண்டு மொழியில வாசிக்கிற திட்டம் இருந்தா கொமன்டை எப்பவும் தனி வரியில எழுதச் சொல்லுங்கோ.

இனி டொமல், கொன்ஃபிக்குக்கெண்டே செய்த இன்னொரு ஃபைல் வடிவம். கிட்ஹப் எண்ட கோட் பகிருற தளத்தைத் தொடங்கின ஆக்களில ஒருத்தரான டொம் பிரெஸ்டன்-வேர்னர் 2013ல செய்தது, 1.0 வந்தது 2021ல. ஸ்டான்டர்ட் இருக்கு, யூடிஎஃப்-8 தவிர வேறொண்டும் இருக்கேலாது, அதால மேல சொன்ன 1252 கூத்து இல்லை. பைத்தன் 3.11ல இருந்து டொம்லிப் பைத்தனோடயே வருது, ஆனா வாசிக்க மட்டும். எழுத டொமல்கிட் போடுங்கோ, லைப்ரரிகளைப் போட்டுப் பராமரிக்க பைத்தன் ஆக்கள் பாவிக்கிற போயட்ரி உங்கட புரொஜெக்ட் ஃபைலைத் திருத்திறது இதாலதான், கொமன்ட், இடைவெளி, ஒழுங்கு எல்லாம் அப்பிடியே இருக்கும். டொம்லி-டபிள்யூ எண்ட லைப்ரரியும் டொமலை எழுதும், அது சின்னன், ஆனா கொமன்டை வைச்சிராது, அதால புதுசா ஃபைல் உருவாக்கிறதுக்கு மட்டும்.

டொமலில எனக்குப் பிடிச்சது, பிழையைக் கண்டா சத்தம் போடும். தொலைபேசி = 0210000000 எண்டு கோட்ஸ் (மேற்கோள் குறி) இல்லாம எழுதினா, இலக்கம் பூச்சியத்தில தொடங்கேலாது எண்டு முழு ஃபைலையும் நிராகரிக்கும். 8:30ம் அப்பிடித்தான். தமிழ்க் கீயையும் கோட்ஸுக்குள்ள வைக்கோணும், 1.0 படி கோட்ஸ் இல்லாத கீயில இங்கிலிஷ் எழுத்து, இலக்கம், அடிக்கோடு, சிறுகோடு மட்டும்தான் வரலாம். கடைக்கார அண்ணைக்கு இது கொஞ்சம் கரைச்சல்தான், ஒரு கோட்ஸ் விட்டாப் பில்லிங்கே திறக்காது எண்டால் உங்களுக்குத்தான் கோல் வரும். அதோட பேக்கப் ஃபோல்டரின்ட பாதையை ரெட்டைக் கோட்ஸுக்குள்ள எழுதினா விண்டோசின்ட பின்சாய்கோடு எல்லாம் விசேச எழுத்தாப் போகும், ஒற்றைக் கோட்ஸ் போடச் சொல்லிக் குடுங்கோ. எண்டாலும் எந்த வரியில பிழை எண்டு எரரிலயே வரும், ஃபோனில கேட்டுத் திருத்திறதுக்கு அது காணும்.

யமல் எண்ட வடிவம் இதுக்கு நேரெதிர், ஒண்டும் சொல்லாம மாத்திப்போடும். பைத்தன்ல எல்லாரும் பாவிக்கிற பையமல் இன்னும் யமல் 1.1 படிதான் நடக்குது, 1.2 வந்தது 2009ல எண்டாலும். 1.1ல பூச்சியத்தில தொடங்கி 0 தொடக்கம் 7 வரை மட்டும் இருக்கிற இலக்கம் எட்டின் அடியில எழுதின எண். யாழ்ப்பாணக் கோட் 021, அதால நம்பரில 8ம் 9ம் இல்லாத ஆக்களின்ட தொலைபேசி எல்லாம் எண்ணா மாறும். மேல இருக்கிற 0210000000ஐ குடுத்துப் பாருங்கோ, 35651584 எண்டு திரும்பி வரும். ஒரு 8 இருந்தா ஒண்டும் நடக்காம எழுத்தாவே வரும், அதால டெஸ்ட் பண்ணேக்க நீங்கள் குடுத்த நம்பர் சரியா இருந்திருக்கும், கஸ்டமரின்ட நம்பர் பிழைக்கும். திறக்கும்நேரம் 8:30 எண்டால் 510, ஏனெண்டால் அறுபதின் அடியில எண்ணுற முறையும் அதுக்குள்ள இருக்கு, எட்டு மணி முப்பது நிமிசத்தை நிமிசமாக்கித் தருது. 08:30 எண்டு பூச்சியம் போட்டா எழுத்து. நோர்வேயின்ட ரெண்டெழுத்துக் கோட் என்ஓவை 'நோ' எண்டு வாசிச்சு அது 'இல்லை' எண்டு மாறுற கதை எல்லாருக்கும் தெரியும், அண்ணை தம்பி அங்க இருக்கிற குடும்பங்கள் எங்கட ஊரில குறைவில்லையே, நாடு எண்டு ஒரு கீ இருந்தா யோசிச்சுக் கொள்ளுங்கோ. எழுதேக்க பையமல் கொமன்டை விடும், கீயளை அகர வரிசையில அடுக்கும், தமிழைக் குறியீடாக்கும், பிந்தின ரெண்டையும் ஓப்ஷன் குடுத்து நிப்பாட்டலாம், கொமன்டைத் திருப்பி எடுக்கேலாது. யமல்தான் வேணும் எண்டு நிக்கிற ஆக்கள் ருவாமெல் யமலைப் பாவியுங்கோ, 1.2 படி நடக்கும், கொமன்டையும் வைச்சிருக்கும். நான் எண்டால் கடைக்காரர் கை வைக்கிற ஃபைலுக்கு யமல் குடுக்க மாட்டன், இடைவெளி ஒண்டு கூடினா அர்த்தமே மாறுற ஃபைலை நோட்பாட்டில திருத்துங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?

ஜேசன் எண்ட வடிவத்தைப் பற்றிக் கனக்கக் கதைக்கத் தேவையில்லை. கொமன்ட் எழுதவே ஏலாது, கடைசிக் கமா ஒண்டு கூடினா விழும், பைத்தன்ல என்ஷுவர் ஆஸ்கி எண்ட ஓப்ஷனை ஃபால்ஸ் ஆக்காட்டி ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஆறு எழுத்துக் குறியீடாத்தான் ஃபைலில கிடக்கும். புரோகிராம் தானே எழுதித் தானே வாசிக்கிற ஃபைலுக்கு இதை விட நல்லது இல்லை.

சீ, சீ பிளஸ் பிளஸ் பக்கம் வந்தா கதை வேற, இங்க மெமரியும் பாக்கோணும். தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மோட்டரை ஈஎஸ்பி32 எண்ட சின்னக் கொம்பியூட்டர் போர்ட்டால ஓட்டுற பெடியள் இப்ப இருக்கினம், கொன்ஃபிக் எஸ்டி கார்ட்டில. இனிஹெச் சில நூறு வரிதான், ஒவ்வொரு கீயாக் கண்டு உங்கட ஃபங்ஷனைக் கூப்பிடும், அவ்வளவுதான், எழுதத் தெரியாது. சும்மா விட்டா ஒரு வரிக்கு 200 பைட், செக்ஷன் பேருக்கு 50. இங்கிலிஷ் ஆக்களுக்கு அது தாராளம், எங்களுக்கு ஒரு குறி மூண்டு பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி, கணக்குப் பாத்தா செக்ஷன் பேரில 16 குறிதான் கொள்ளும், வரியில அறுபது சொச்சம். அதுக்கு மேல போனா வெட்டுப்படும், கொம்பைல் பண்ணேக்க அளவைக் கூட்டிக் கொள்ளுங்கோ.

எழுதவும் வேணும் எண்டால் மின்இனி, நெதர்லாந்தின்ட கொம்புஃபேஸ் செய்தது, அப்பாச்சி லைசன்ஸ். முழு ஃபைலையும் மெமரிக்கு எடுக்காது, வரி வரியாப் பாத்துக்கொண்டு போகும், ஒரு கீயை மாத்தச் சொன்னா மற்ற வரியளை அப்பிடியே புது ஃபைலுக்கு நகல் எடுத்து அந்த வரியை மட்டும் மாத்தும், அதால கொமன்ட் தானாவே தப்பும். ஃபைல் சிஸ்டத்தைத் தொடுற இடம் எல்லாம் ஒரு ஹெடரில தனிய இருக்கு, எஸ்டி கார்ட்டுக்குப் பாவிக்கிற ஃபட்எஃப்எஸ்ஸுக்கு மாத்திறது லேசு. குறை என்னெண்டால் ஒவ்வொரு கீயைக் கேக்கேக்கையும் ஃபைலை முதலில இருந்து தேடும், நூறு கீ எண்டால் நூறு தரம். மோட்டருக்கு இருக்கிற பத்துக் கீக்கு ஆர் கவலைப்படுறது. விண்டோஸ் டெஸ்க்டொப்பில சீ பிளஸ் பிளஸ் எண்டால் சிம்பிள்ஐஎன்ஐ, ஹெடர் ஒண்டைச் சேத்தாக் காணும், செக்ஷனுக்கும் கீக்கும் மேல இருக்கிற கொமன்டை வைச்சிருக்கும், யூனிக்கோடை ஓன் பண்ண மட்டும் மறக்காதேங்கோ. பழைய விஷுவல் பேசிக் பில்லிங் வைச்சிருக்கிற ஆக்கள் விண்டோசின்ட சொந்த ஐஎன்ஐ ஃபங்ஷன்களையே ஓட்டுகினம், கொமன்ட் தப்பும், ஆனா ஃபைல் யூடிஎஃப்-16ல பொம்மோட இல்லாட்டித் தமிழ் கேள்விக்குறியாப் போகும்.

லைப்ரரி எதுவா இருந்தாலும் ஒரு ஒழுங்கு நல்லம். ஆள் எழுதிற ஃபைலையும் புரோகிராம் எழுதிற ஃபைலையும் பிரியுங்கோ. பெயர், வற், கழிவு எல்லாம் டொமலில, அதை புரோகிராம் வாசிக்க மட்டும். விண்டோவின்ட அளவு, கடைசியாப் பாவிச்ச பிரின்டர், பில் நம்பர் மாதிரி அடிக்கடி மாறுறது ஜேசன்ல, அதை ஆளுகள் தொடத் தேவையில்லை. இப்பிடிப் பிரிச்சா பைத்தன்ல வெளி லைப்ரரி ஒண்டும் வேண்டாம், டொம்லிப்பும் ஜேசனும் உள்ளுக்கயே இருக்கு. செட்டிங்ஸ் ஸ்கிரீனில வற்றையும் மாத்த விடோணும் எண்டு கடைக்காரர் கேட்டாத்தான் டொமல்கிட்டுக்குப் போறது.

கரண்ட் போறதையும் யோசிக்கோணும். பைத்தன்ல எழுதத் திறந்த அந்த நிமிசமே பழைய ஃபைல் வெறுமையாயிடும், எழுதி முடிக்க முதல் கரண்ட் போனா பூச்சியம் பைட்டோட ஒரு ஃபைல்தான் மிஞ்சும், கொன்ஃபிக்பார்சரோ டொமல்கிட்டோ இதில கை குடுக்காது. மின்இனி வழமையா தற்காலிக ஃபைலில எழுதினாப் பிறகுதான் பழசை அழிச்சுப் பேர் மாத்தும், நடுவில நிண்டாலும் கடைசியில அலைக்குறி போட்ட ஃபைல் ஒண்டாவது கிடைக்கும். பைத்தன் ஆக்கள் இதைத் தாங்களே செய்யோணும், தற்காலிக ஃபைலில எழுதி, எஃப்சிங்க் குடுத்து (டிஸ்க்கில உண்மையாவே எழுத வைக்கிறது), ஓஎஸ் ரிப்ளேசால மாத்துங்கோ, நாலஞ்சு வரி வேலை. அந்தத் தற்காலிக ஃபைல் அதே ஃபோல்டரில இருக்கோணும், சீ டிரைவின்ட டெம்ப் ஃபோல்டரில எழுதிப்போட்டு டீ டிரைவுக்கு மாத்தப் போனா ரிப்ளேஸ் எரர்தான் தரும்.