33ஆம் பக்கம் இரண்டு முறை வந்த புத்தகம்: மலிவுப் பிரதி வாங்குவோர் கவனத்திற்கு

அகதா கிறிஸ்டி 1930இல் எழுதிய ‘தி மர்டர் அட் தி விகாரேஜ்’ நாவலை இணையத்தில் 120 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்தேன். மிஸ் மார்ப்பிள் என்னும், துப்பறிவதைத் தொழிலாகக் கொள்ளாத முதிய பெண்மணி வரும் முதல் நாவல் அது என்பதால், பொங்கல் விடுமுறையில் நிதானமாகப் படிக்கலாம் என்று பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். நான் செய்த பிழை அதுதான்.

செயின்ட் மேரி மீட் என்னும் இங்கிலாந்துக் கிராமத்தில், ஊரில் யாருக்கும் பிடிக்காத கர்னல் புரோதரோ, பாதிரியாரின் படிப்பறை மேசைமேல் சுடப்பட்டுச் சாய்ந்து கிடக்கிறார். என் பிரதியின் 48ஆம் பக்கம் அங்கே முடிந்தது. தாளைப் புரட்டினால் மறுபடியும் 33; அதே வரிகள் 48 வரை இரண்டாம் முறை ஓடி முடிந்ததும், கதை நேராக 65ஆம் பக்கத்துக்குத் தாவிவிட்டது. அச்சகத்தார் பேச்சில் சொன்னால், ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கங்கள், இரட்டித்து, அடுத்த ஃபாரம் விடுபட்டிருந்தது.

வேறு வகைக் கதையாக இருந்தால் ஊகித்துக்கொண்டு மேலே சென்றிருப்பேன். இதிலோ கொலை நடந்த நேரம்தான் முடிச்சே. மேசையில் கவிழ்ந்து நின்றுபோன கடிகாரம் 6.22 காட்டுகிறது, அதைக் கால் மணி நேரம் முன்னதாகவே ஓடவிடுவது அந்த வீட்டு வழக்கம் என்பதைச் சொல்லப் பாதிரியார் வாயெடுத்தால், இன்ஸ்பெக்டர் ஸ்லாக் பேசவே விடுவதில்லை. மிக நயமான இந்தக் கேலியும் அதில் பொதிந்த துப்பும் விடுபட்ட பக்கங்களோடு போய்விட்டன என்பது, பிறகு நூலகப் பிரதியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கிராமத்தின் வரைபடமோ கறுப்புத் திட்டாக அச்சாகியிருந்தது.

விற்பனையாளரிடம் முறையிட்டதற்கு, “மொத்தத் தாளை எண்ணிப் பாருங்கள் சார், சரியாகத்தான் இருக்கும்” என்றார்; எண்ணினேன், சரியாகத்தான் இருந்தது! ஏழு நாள் கெடு கடந்துவிட்டது என்றும், உறை பிரித்த புத்தகத்தை எப்படியும் திரும்பப் பெற மாட்டோம் என்றும் அடுத்த பதில் வந்தது. உறையைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது என்ற என் கேள்விக்குப் பதிலே இல்லை.

கிறிஸ்டி 1976இல் மறைந்தவர். இந்தியச் சட்டப்படி அவருடைய நூல்களின் பதிப்புரிமை 2036 முடியும் வரை நீடிக்கிறது. ஆகவே பதிப்பாளர் பெயரோ உரிமைக் குறிப்போ இல்லாமல் வரும் பிரதியைத் திருட்டுப் பதிப்பு என்றே கொள்ளலாம். என் பிரதியில் அவை அச்சாக வேண்டிய பக்கம் வெறுமையாக இருந்தது. வாங்கும் முன் அந்தப் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். புத்தகம் வந்த அன்றே, உறை பிரிப்பதைச் செல்பேசியில் பதிவு செய்துகொண்டு, 16, 32, 48 என்று ஒவ்வொரு ஃபாரமும் முடியும் இடத்தில் அடுத்த எண் ஒழுங்காக வருகிறதா என்று புரட்டிப் பாருங்கள்.