ஹோம்லி பெண்ணும் ஒரு குண்டு டிக்‌ஷனரியும்

கோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மனு, பயோடேட்டா, கொட்டேஷன், வரன் விவரம் எதுவானாலும் வருகிறவர் தமிழில் சொல்வார், நான் இங்கிலீஷில் அடிப்பேன். கீபோர்டுக்கு வலது பக்கம் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி எப்போதும் இருக்கும். 2005-இல் வந்த ஏழாம் பதிப்பு. பழைய புத்தகக் கடையில் 300 ரூபாய் கொடுத்து வாங்கியது.

வாங்க வைத்தது ஒரு வரன் விவரம். "குடும்பப்பாங்கான பொண்ணுன்னு போடும்மா" என்றார் பெண்ணின் அப்பா. நம் ஊர் வழக்கப்படி 'ஹோம்லி' என்று அடித்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் அமெரிக்காவில் ரொம்ப வருஷமாக இருப்பவர்கள். நாலாம் நாள் அவர் திரும்பி வந்தார். "என் பொண்ணு லட்சணமா இருக்க மாட்டான்னு நீயே எழுதிக் கொடுத்திட்டியாமே." அமெரிக்காவில் ஹோம்லி என்று ஒருவரைச் சொன்னால் அதுதான் அர்த்தமாம். பிரிட்டனில் பகட்டில்லாத, வீடு மாதிரி இதமான என்று நல்ல பொருள். அப்போது கடையில் இருந்த ஆங்கிலம்-தமிழ் அகராதி (பெயர் வேண்டாம்) 'எளிய' என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தது. வாங்கிய ஐம்பது ரூபாயை நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

இந்த டிக்‌ஷனரியில் எந்த அர்த்தம் எந்த நாட்டில் செல்லும் என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறது. பாராட்டா, இளக்காரமா என்பதும் இருக்கிறது. ஒல்லியானவரை ஸ்லிம் என்றால் பாராட்டு, ஸ்கின்னி என்றால் பெரும்பாலும் இளக்காரம். தமிழில் நமக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. பெண் 'ஒடிசலாக' இருப்பாள் என்றால் சிரிப்பார்கள், 'நோஞ்சான்' என்றால் எழுந்து போய்விடுவார்கள். இங்கிலீஷில் எது ஒடிசல், எது நோஞ்சான் என்றுதான் தெரியாது.

முதலில் இதைத் தொகுத்த ஹார்ன்பி ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். முதல் பதிப்பு 1942-இல் டோக்கியோவில் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் 1948-இல்தான் போட்டது. வெளியாள் எந்த இடத்தில் தடுக்குவான் என்பது வாத்தியாருக்குத் தெரியும் இல்லையா.

எனக்கு அதிகம் உதவுவது, குழப்பும் வார்த்தைகளில் எதை எங்கே போடுவது என்று சொல்லும் 'விச் வேர்ட்?' என்ற கட்டங்கள். போன மாதம் ஒரு மனு. பக்கத்து வீட்டுக்காரர் எட்டடி உயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டார், அவருடைய உயரமான தென்னை வேறு இந்தப் பக்கம் சாய்கிறது, மனுதாரரோ உயரமானவர் அல்ல, எட்டிப் பார்த்துக் கேட்கவும் வழியில்லை. தமிழில் மூன்றுக்கும் உயரம்தான். கட்டத்தைப் பார்த்தேன். ஆளுக்கு எப்போதும் டால். மரம் மாதிரி ஒடுங்கி நெடுக நிற்பதற்கும் டால். சுவருக்கு ஹை. தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்றாலும் ஹைதான். 'ஹை மனுதாரர்' என்று அடித்திருந்தால் அவர் போதையில் இருந்ததாக வக்கீல் கிண்டல் செய்திருப்பார்.

எகனாமிக்கும் எகனாமிக்கலும் அப்படித்தான். முதலாவது பொருளாதாரம் சம்பந்தப்பட்டது, இரண்டாவது சிக்கனமானது. எதிர் மெஸ்காரருக்கு இதைச் சொன்னேன். 'எகனாமிக் மீல்ஸ்' போர்டு எழுதியாகிவிட்டது, பெயிண்டர் காசை நீ தருவாயா என்றார். சரி, விட்டுவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. தமிழ் ஒரு வரி கிடையாது. ஆனால் விளக்கங்களை மூவாயிரம் சொச்சம் சாதாரண வார்த்தைகளுக்குள் எழுதியிருக்கிறார்கள், பத்தாவது வரை ஒழுங்காகப் படித்தவருக்குப் புரியும். எழுத்து பொடி. நான் கண்ணாடிக்கு மேல் லென்ஸும் வைத்துக்கொள்கிறேன். கனமோ, பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. புதுசாக வாங்க வேண்டும் என்றும் இல்லை. இதே டிக்‌ஷனரி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பிரிட்டிஷ் உச்சரிப்பு, அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். என் பையன் அதைத்தான் பார்க்கிறான். நான் புத்தகத்தைத்தான் புரட்டுகிறேன். ஒரு வார்த்தையைத் தேடப் போய் பக்கத்து வார்த்தையில் நிற்பது எனக்குப் பிடிக்கும். தவிர, கஸ்டமர் சண்டைக்கு வந்தால் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம். போன் திரையைக் காட்டினால் நம்பமாட்டேன் என்கிறார்கள்.