டிஇசட்கோட்: சி நிரலுக்கு நம்பகமான டைம்ஜோன் லைப்ரரி, விண்டோஸில் மட்டும் மல்லுக்கட்டு

டைம்ஜோன் லைப்ரரியைச் சோதித்துப் பார்க்கக் கொழும்பு ஒன்றே போதும். 1996 மே மாதம் இலங்கையின் ஆஃப்செட் (உலகப் பொது நேரமான யுடிசியிலிருந்து உள்ள வித்தியாசம்) ஆறரை மணிக்கு ஏறியது, அக்டோபரில் ஆறுக்கு இறங்கியது, 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. ஆக, 2000 ஜனவரி 1-க்கு 21600 விநாடி வர வேண்டும். விண்டோஸின் சி ரன்டைம் (சி நிரல்களுக்கு அதனுடன் வரும் அடிப்படை லைப்ரரி) 19800 என்கிறது. இன்றைய ஆஃப்செட்டையே எல்லா வருஷத்துக்கும் போடுகிறது. இணையப் பெயர், எண்களை நிர்வகிக்கும் ஐயானா அமைப்பு வெளியிடும் டிஇசட்கோட் லைப்ரரி 21600 தருகிறது.

டிஇசட்கோட்டின் டிஇசட்அலாக் ஃபங்ஷனிடம் 'ஏசியா/கொல்கத்தா' என்று கொடுத்தால் அந்த டைம்ஜோனைக் குறிக்கும் ஒரு ஹேண்டில் வரும். அதை லோக்கல்டைம்_ஆர்இசட்டிடம் கொடுத்து, விடையில் உள்ள டிஎம்_ஜிஎம்டிஆஃப் மதிப்பை (விநாடியில் ஆஃப்செட்) படிக்க வேண்டியதுதான், முடிந்ததும் டிஇசட்ஃப்ரீயால் ஹேண்டிலை விடுவிக்கலாம். டிஇசட் என்விரான்மென்ட் வேரியபிளை மாற்றி மாற்றி டிஇசட்செட்டை அழைக்கும் பழைய வித்தை, பல த்ரெட் ஓடும் நிரலில் ஆபத்து. அதிலும் ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து பிசகினால் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி சத்தமில்லாமல் யுடிசிக்குப் போய்விடும். டிஇசட்அலாக்கோ நல் பாயிண்டரை (எதையும் சுட்டாத வெற்று விடை) திருப்பும், அங்கேயே பிடித்துவிடலாம். இந்த ஒன்றுக்காகவே இதைச் சேர்க்கலாம். இதன் மூலக்கோப்பான லோக்கல்டைம்.சி பப்ளிக் டொமைனில் இருப்பதால் உரிமத் தொல்லையும் இல்லை.

'டைம்ஜோன்' என்ற குளோபல் வேரியபிளை நம்பி எழுதிய பழைய கோடு இருந்தால் தூக்கிவிடுங்கள். அது மேற்குப் பக்கத்தைக் கூட்டலாக எண்ணும், இந்தியாவுக்கு -19800. டிஎம்_ஜிஎம்டிஆஃப் நேர் எதிர். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் நெடுங்காலம் அந்தப் பெயரில் இருந்தது ஒரு ஃபங்ஷன்!

விண்டோஸில்தான் தலைவலி. டைம்ஜோன் கோப்புகள் அங்கே இருக்காது; டிஇசட்கோட்டோடு வரும் ஜிக் கம்பைலரைக் கொண்டு கம்பைல் செய்து நிரலோடு அனுப்ப வேண்டும், ஏதாவது நாடு நேரத்தை மாற்றினால் மறுபடியும். 'இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்' போன்ற விண்டோஸ் பெயர்களை, யூனிகோட் அமைப்பின் சிஎல்டிஆர் அட்டவணை வைத்து 'ஏசியா/கொல்கத்தா' போன்ற பெயர்களாக மாற்றிக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட்டின் ஸ்ட்ரக்ட் டிஎம்மில் (தேதி, நேரத்தைப் பிரித்து வைக்கும் அமைப்பு) டிஎம்_ஜிஎம்டிஆஃப் கிடையாது என்பதால் ஆஃப்செட்டைக் கழித்துத்தான் எடுக்க வேண்டும்.

கழிப்பது எளிது: ஒரே டைம்_டிக்கு (விநாடிக் கணக்கில் உள்ள நேரம்) உள்ளூர் நேரம், யுடிசி நேரம் தரும் ஜிஎம்டைம் இரண்டையும் எடுத்து நாள், மணி, நிமிடம் மூன்றையும் கழியுங்கள். நிமிடத்தை விட்டால் நேபாளத்தின் 5:45 கெடும். டிஎம்_இயர் (வருஷம்) வேறுபட்டால் நாள் வித்தியாசம் கூட்டல் ஒன்றோ கழித்தல் ஒன்றோதான். டிஎம்_யடேயை (வருஷத்தின் எத்தனையாவது நாள்) மட்டும் கழித்தால் டிசம்பர் 31 இரவு 365 நாள் (லீப் வருஷத்தில் 366) பிசகும். ஜிஎம்டைம் விடையை உள்ளூர் நேரத்தை டைம்_டியாக மாற்றும் எம்கேடைமுக்குள் திணிக்கும் குறுக்குவழி, கோடைநேரம் அமலில் இருக்கும்போது ஒரு மணி நேரம் தவறும். ஓடும் கணினியின் இப்போதைய ஆஃப்செட் மட்டும் போதுமென்றால் இந்தக் கழித்தலே போதும், டிஇசட்கோட் வேண்டியதில்லை.