மூன்று இரவு காட்டுக்குள் நடை: க்ரூகர் ஓரத்தில் பிள்ளைகளோடு போய்வந்த அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இருந்து, தென்னாப்பிரிக்கா பக்கம் வரும் வாய்ப்பும் இருந்தால், ஜீப்பில் உட்கார்ந்து சிங்கம் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல் மூன்று நாளாவது அவர்களைக் காட்டுக்குள் நடக்க வையுங்கள். நாங்கள் போன நடையில் குறைகள் இருந்தன, அதில் ஒன்று பெரிய குறை. எல்லாவற்றையும் எழுதுகிறேன். ஆனாலும் திரும்பக் கூப்பிட்டால் நாளைக்கே மூட்டை கட்டுவேன்.

நாங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறோம். மகளுக்கு 17 வயது. திருநெல்வேலியிலிருந்து மே விடுமுறைக்கு வந்த அக்கா மகனுக்கு 16. "சித்தி, சிங்கத்த நடந்து போயி பாக்கணும்" என்று வந்த நாளிலிருந்து ஒரே பேச்சு. விசாரித்ததில் இரண்டு வகை தெரிந்தது. ஒன்று க்ரூகர் தேசியப் பூங்கா நிர்வாகமே நடத்தும் நடைகள். அதற்கு 12 வயது முடிந்திருந்தால் போதும், ஒரு குழுவில் 8 பேர்தான், ஆனால் இடம் கிடைக்க மாதக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டிய தனியார் காடுகளில் நடப்பது. நடுவில் இருந்த வேலியை 1993-ல் எடுத்துவிட்டதால் யானையும் சிங்கமும் இரண்டு பக்கமும் போய்வருகின்றன, காடு ஒரே காடுதான். எங்களுக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது வகை. மூன்று இரவு, நான்கு பகல், ஆளுக்கு ஏறத்தாழ 9,000 ராண்ட். நடத்திய நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. சொன்ன குறைகளைச் சரிசெய்கிறோம் என்று பதில் எழுதியிருக்கிறார்கள், அதற்கான அவகாசத்தைக் கொடுப்பதுதான் நியாயம்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஹூட்ஸ்ப்ரூட் வரை காரில் ஐந்தரை மணி நேரம் ஆனது. அங்கிருந்து அவர்கள் வண்டி. ஒரு மண்பாதையின் முடிவில் இறக்கிவிட்டு வண்டி திரும்பிப் போனபோதுதான் விஷயம் உறைத்தது: அடுத்த நான்கு நாளும் கூடாரம், சமையல் பாத்திரம், சாப்பாடு எல்லாம் நம் முதுகில்தான்.

எங்களோடு வந்த வழிகாட்டிகள் இரண்டு பேர். தலைமை வழிகாட்டி முப்பது வயதிருக்கும் ஒரு பெண். இரண்டாமவர் நாற்பதைத் தாண்டியவர், தடம் பார்ப்பதில் கெட்டிக்காரர், ஷங்கான் மொழிக்காரர். இருவர் கையிலும் பெரிய ரைஃபிள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் வருவார்கள் என்று நினைத்திருந்தேன், இல்லை, இருவருமே முன்னால்தான் நடந்தார்கள். ஆபத்து பெரும்பாலும் முன்பக்கம்தான் வரும், பின்னாலிருந்து சுட வேண்டியிருந்தால் நடுவில் நாம் நிற்போம், அதனால் இப்படி என்று விளக்கினார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் இப்படிக் காரணத்தோடு பதில் வந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

முதல் அரை மணி நேரம் விதிகள் மட்டும். ஒற்றை வரிசை, பேச்சு கிடையாது, எதையாவது பார்த்தால் நாக்கால் 'டொக்' என்று ஒரு சத்தம், என்ன நடந்தாலும் ஓடக் கூடாது. சிங்கம் எதிரே வந்தால் அசையாமல் நின்று, சொல்லும்போது முகத்தைத் திருப்பாமல் பின்னால் நகர வேண்டும். யானை என்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து விலகிப் போய்விட வேண்டும். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கவே கூடாது. காட்டெருமை வந்தால் மரம், மரம் இல்லாவிட்டால் கறையான் புற்று. காற்றைப் பார்க்க இடுப்பில் ஒரு சின்னத் துணி முடிச்சில் சாம்பல் வைத்திருந்தார் அந்தப் பெண், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைத் தட்டிப் பார்ப்பார்.

முதல் நாள் மாலையே அக்கா மகன் வரிசையை விட்டு நான்கு அடி தள்ளிப் போய் ஒட்டகச்சிவிங்கியைப் படம் எடுத்தான். நான் கத்தப் போனேன். அந்தப் பெண் கையை உயர்த்தி எல்லோரையும் தரையில் உட்காரச் சொன்னார், பத்து நிமிடம், ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் அவனிடம் மெதுவாக, "நீ நின்ற இடத்தைப் பார்" என்றார். அவன் நின்ற புல்லுக்கு இரண்டடி தள்ளி அன்றைக்கு விழுந்த காட்டெருமைச் சாணம், காயவே இல்லை. அதற்குப் பிறகு நான்கு நாளும் அவன் வரிசையை விடவில்லை. வீட்டில் நான் மணிக்கணக்காகப் பேசினாலும் இது நடந்திருக்காது.

காட்டெருமையையே இரண்டாம் நாள் காலை பார்த்தோம். மந்தையை விட்டுப் பிரிந்து, சேற்றைப் பூசிக்கொண்டு, தனியாகத் திரியும் கிழட்டுக் காளைகள் இரண்டு. கண்ணுக்குத் தெரியும் முன்பே அவற்றின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் பறவைகள் கிறீச்சிட்டுக்கொண்டு எழும்பின, முன்னால் போனவர் கை மூடிய முஷ்டியாக மேலே போனது, எல்லோரும் அப்படியே நின்றோம். நாற்பது அடி இருக்கும். நெற்றி முழுக்கக் கொம்பு. மகள் என் முதுகுப்பையின் பட்டையைப் பிடித்திருந்தாள், அவள் விரல் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. ஒவ்வோர் அடியாகக் கறையான் புற்றுக்குப் பின்னால் நகர்ந்தோம். ஒரு காளை மூக்கைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது, பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது, பிறகு இரண்டும் திரும்பி மோப்பானே மரங்களுக்குள் மறைந்தன. துப்பாக்கிகள் தோளுக்கு ஏறவே இல்லை. "துப்பாக்கியை நான் நீட்ட வேண்டி வந்தால், அதற்கு முன்பே நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று அர்த்தம்" என்றார் தலைமை வழிகாட்டி. பிள்ளைகளின் உயிரை இவரிடம் ஒப்படைத்தது சரிதான் என்று அந்த இடத்தில் தோன்றியது.

அன்று மதியம் காய்ந்த ஆற்று மணலில் தண்ணீர் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். யானை காலாலும் துதிக்கையாலும் தோண்டிய குழியை முதலில் காட்டி, அதிலிருந்து கொஞ்சம் தள்ளி நம்மைத் தோண்டச் சொன்னார்கள். முதலில் ஊறும் கலங்கலை இறைத்துவிட வேண்டும், இரண்டாவது ஊறல் தெளியும், அதையும் வடிகட்டிக் காய்ச்சித்தான் குடித்தோம். முழங்கை ஆழம் போனதும் மணல் ஈரமானது. கோடையில் தாமிரபரணி மணலில் ஊற்று தோண்டிக் குடம் நிரப்பியவள் நான், என் கை அந்த ஈரத்தை உடனே கண்டுகொண்டது. அக்கா மகனுக்கு இதுதான் முதல் முறை.

தோண்டும்போதுதான் ஜிம்பாப்வே சிறுவன் ஒருவனின் கதையைச் சொன்னார்கள். 2024 டிசம்பர் கடைசியில், கரிபா ஏரிக்கரையில் இருக்கும் மட்டுசாடோனா தேசியப் பூங்காவுக்குள் வழி தவறிப் போனவன், ஏழெட்டு வயதுதான். சிங்கமும் யானையும் திரியும் அந்தக் காட்டில் ஐந்து நாள் தனியாக இருந்து உயிரோடு திரும்பினான். இரவில் உயரமான பாறையில் தூங்கியிருக்கிறான், காட்டுப் பழம் தின்றிருக்கிறான், காய்ந்த ஆற்றுப் படுகையைக் குச்சியால் தோண்டித் தண்ணீர் குடித்திருக்கிறான். ஊர் மக்கள் அவன் காதில் விழட்டும் என்று தினமும் பறை அடித்தார்கள். காட்டுக் காவலர்கள் தடம் பார்த்துப் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்தார்கள். மழை பொய்க்கும் ஊர் அது, மணலில் தண்ணீர் இருக்கும் என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அக்கா மகன் தோண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான், "ஏழு வயசா?"

இரவுக் காவல் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1950களின் இறுதியில் காட்டுக் காவலர்களான இயன் பிளேயரும் மக்குபு ந்டோம்பேலாவும் தெற்கே உம்ஃபோலோசி காட்டில் இந்த மாதிரிக் காட்டு நடைகளைத் தொடங்கினார்கள். அந்த மரபில் வந்தவர்கள் இன்றைக்கும் இரவில் ஆளுக்கு ஒரு முறை தனியாகத் தீயருகே உட்கார வைக்கிறார்கள். எங்கள் குழுவில் 8 பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம். தீ அணையாமல் பார்க்க வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை டார்ச்சைச் சுற்றிலும் அடித்துக் கண்கள் மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் பக்கத்தில் படுத்திருக்கும் வழிகாட்டியை எழுப்ப வேண்டும். மகளுக்கு நள்ளிரவு முறை. தூரத்தில் சிங்கம் முழங்கியது, கழுதைப்புலி கூவியது, நான் கூடாரத்துக்குள் கண்ணை மூடாமல் அவள் நிழலைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அவள் எழுந்து ஒரு கட்டையைத் தீயில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் காலையில் கொஞ்சம் வளர்ந்த பிள்ளையாக எனக்குத் தெரிந்தாள்.

இப்போது குறைகள். எடுத்துப் போக வேண்டிய பொருட்களின் பட்டியலைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அனுப்பினார்கள், பழகாத புது பூட்ஸில் நடந்து மகளுக்குக் குதிகால் இரண்டும் கொப்பளித்துவிட்டது. வாடகைக்குக் கொடுத்த முதுகுப்பை ஒன்றில் இடுப்புப் பட்டை அறுந்திருந்தது, 15 கிலோ முழுக்கத் தோளில் இறங்கியது. மாதவிலக்கு நேரத்தில் வரும் பெண் பிள்ளைகள் என்னென்ன கொண்டுவர வேண்டும், பயன்படுத்தியதை எப்படித் திரும்ப எடுத்துவர வேண்டும் என்று பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. காட்டில் அந்தப் பெண் வழிகாட்டி மிக இயல்பாக உதவினார், அது அவருடைய நல்ல குணம், நிறுவனத்தின் ஏற்பாடு இல்லை. சாப்பாடு பரவாயில்லை. மக்காச்சோள மாவில் கிண்டும் பாப் நம் கேப்பைக் களி மாதிரிதான், எங்களுக்கு ஒட்டிப்போனது. சைவம் என்று முன்பே சொன்னதால் பீன்ஸும் கீரையும் தனியாக வந்தன.

பெரிய குறை வேறு. விளம்பரத்தில் பாயும் சிங்கமும் "உயிர் பிழைக்கும் சாகசம்" என்ற வார்த்தையும் போட்டிருக்கிறார்கள். உண்மையாகவே உயிர் பிழைக்க இந்த மண்ணை நடந்து கடந்த பிள்ளைகளைப் பற்றி மூச்சே இல்லை. எனக்கும் தெரியாது. மூன்றாம் இரவு தீயருகே அந்த இரண்டாம் வழிகாட்டி சொன்னதால்தான் தெரிந்தது.

மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். ஃபிரெலிமோ கட்சியின் அரசுக்கு எதிராகச் சண்டையிட்ட ரெனாமோ என்ற கிளர்ச்சிப் படைக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது அன்றைய தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு. ஊர்கள் எரிந்தன, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். பெரும்பகுதி மலாவிக்குப் போனது, இரண்டு லட்சத்துக்கும் மேல் இந்தப் பக்கம் வந்தார்கள். எல்லையின் சில இடங்களில் தொட்டால் உயிரை எடுக்கும் மின்வேலி. அதைத் தவிர்க்க நினைத்தவர்களுக்கு மிச்சம் இருந்த வழி க்ரூகர். கிழக்கிலிருந்து மேற்கே சராசரி 65 கிலோமீட்டர் காடு, அதையும் கடந்தால் மேற்கு வேலி.

அந்த வழிகாட்டி அப்படி நடந்து வந்தபோது அவருக்கு ஆறு வயது, அவருடைய அக்காவுக்குப் பன்னிரண்டு. பகலில் புதருக்குள் படுத்திருந்து இரவில் நடந்திருக்கிறார்கள். அக்காவின் இடுப்புத் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், அதுதான் அவருக்கு இருந்த ஒரே விதி. தீ மூட்டினால் ரோந்துப் படை பார்த்துவிடும், மூட்டாவிட்டால் சிங்கம் வரும், அவர்கள் மூட்டவில்லை. கூட வந்தவர்களில் ஒரு பெரியவர் மூன்றாம் நாள் விடியும்போது இல்லை. எப்படிப் போனார் என்று அக்கா அவரைக் கேட்கவே விடவில்லையாம். அப்படிப் போனவர்களின் கணக்கை யாரும் எடுக்கவில்லை. மேற்கு வேலியைத் தாண்டிய பிறகு கசன்குலு பகுதியில் அதே மொழி பேசும் மக்கள் சேர்த்துக்கொண்டார்கள். அரசு இவர்களை அகதிகள் என்று ஒப்புக்கொள்ள 1993 ஆனது, அதுவரை பிடிபட்டால் லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

அவர் பேசி முடித்ததும் யாரும் பேசவில்லை. நான்கு நாளும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒற்றை வரிசை, மௌனம், தண்ணீர், காற்று எல்லாவற்றையும் அந்த அக்கா பன்னிரண்டு வயதில் துப்பாக்கி இல்லாமல், தீ இல்லாமல் செய்திருக்கிறாள். நிறுவனத்துக்கு நான் எழுதியது இதுதான்: அவருக்குச் சொல்ல விருப்பம் இருந்தால் மட்டும், தனியாக ஊதியம் கொடுத்து, இந்த வரலாற்றை நடையின் பகுதியாக வையுங்கள். அந்தச் சிங்கப் படத்தை எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்து வரும் பிள்ளைகள் விளையாட்டு மனநிலையில் வருகிறார்கள், முதல் நாள் என் அக்கா மகன் வரிசையை விட்டது அதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போகிறவர்களுக்கு: எந்த நிறுவனமாக இருந்தாலும் வழிகாட்டிகளிடம் நடைக்கான தனிச் சான்றிதழ் இருக்கிறதா, இருவரிடமும் துப்பாக்கி உண்டா, அவசரத்துக்குச் சாட்டிலைட் போன் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மலேரியா மாத்திரைக்கு டாக்டரை முன்கூட்டியே பாருங்கள், மே மாதத்தில்கூடக் கொசு உண்டு. பூட்ஸை ஒரு மாதம் பழக்குங்கள். வெள்ளையும் பளிச்சென்ற நிறமும் வேண்டாம். பதினாறு வயதுக்குக் கீழே இருந்தால் சுமை தூக்காத, ஒரே முகாமில் தங்கும் நடை போதும்.

கிளம்பும் நாள் அக்கா மகன் அந்த வழிகாட்டியிடம் போய், உங்கள் அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டான். ஹுலுவுகானி பக்கம், சாலையோரம் தக்காளி விற்கிறார் என்றார். நாங்கள் திரும்பும் வழியை மாற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனோம். கடை இருந்தது. நான்கு நாளில் கற்றுக்கொண்ட ஒரே ஷங்கான் வார்த்தையால் அவன் "அவுஷேனி" என்று காலை வணக்கம் சொன்னான். அவர் சிரித்துவிட்டு, இரண்டு பை தக்காளி வாங்கியவனுக்கு மூன்றாவதாக ஒரு கை நிறைய அள்ளிப் போட்டார்.