வெள்ளையா, சாம்பலா, க்ரீமா? மூன்றில் நான் க்ரீமை எடுத்ததற்கான காரணம்

வீட்டின் உட்சுவர்களுக்கு நிறம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது கடைசிச் சுற்றுவரை வந்தவை மூன்று: தூய வெள்ளை, லேசாக நீலம் தட்டும் இளஞ்சாம்பல், மஞ்சளும் பழுப்பும் மெலிதாகச் சேர்ந்த வார்ம் நியூட்ரல். க்ரீம், பீஜ், மணல் நிறம் என்று ஷேட் கார்டில் பல பெயர்களில் வருவது இந்த மூன்றாவது வகைதான். கூடத்துக்கும் படுக்கையறைகளுக்கும் அதையே அடித்தேன். அந்தச் சுவர்களுக்கு நடுவில் வாழ்ந்துகொண்டு எழுதுவதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது வரிக்கு வரி தெரியும்.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். வெள்ளை அறையைப் பெரிதாகக் காட்டும். சாம்பல் நேர்த்தியான தோற்றம் தரும். க்ரீம் மரச்சாமான்களோடு சண்டை போடாது. க்ரீம் அடித்தால் அறை இருண்டுவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அதற்குப் பல நிறுவனங்களின் ஷேட் கார்டுகளிலேயே பதில் இருக்கிறது. எல்ஆர்வி என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதன் அளவு அது. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. 70-க்கு மேல் உள்ள க்ரீம் ஷேடுகள் நிறைய உண்டு. அவற்றில் இருட்டு ஒரு பிரச்சினையே இல்லை. 55-க்குக் கீழே இறங்கும் பீஜ்தான் ஜன்னல் குறைந்த அறைக்கு ஆகாது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது அழகு இல்லை, பராமரிப்பு. வெயிலில் வெளுப்பதைச் சொல்லவில்லை. அதில் மூன்றும் ஏறக்குறைய சமம். வெள்ளைக்கு அடிப்படையான டைட்டானியம் டையாக்சைடு, சாம்பலுக்குச் சேர்க்கும் கார்பன் கறுப்பு, க்ரீமுக்கு வழக்கமாகச் சேர்க்கும் மஞ்சள், சிவப்பு இரும்பு ஆக்சைடுகள் எல்லாமே வெயிலைத் தாங்கும் நிறமிகள். வித்தியாசம் அழுக்கில் இருக்கிறது.

சுவிட்ச் போர்டைச் சுற்றி, கதவோரத்தில், கட்டிலில் தலை சாயும் இடத்தில், படிக்கட்டில் கை தேய்த்துக்கொண்டு ஏறும் உயரத்தில் எல்லாம் சுவரில் படிவது தோலின் எண்ணெயும் தூசியும். இரண்டும் சேர்ந்தால் வருவது மஞ்சள் கலந்த பழுப்பு. வெள்ளைச் சுவரில் அது உடனே தெரியும். நீலம் தட்டும் சாம்பலில் இன்னும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் மஞ்சளும் நீலமும் எதிரெதிர் நிறங்கள். க்ரீம் சுவரில் விழும் கறை அந்தச் சுவரின் நிறக் குடும்பத்தைச் சேர்ந்தது. கொஞ்சம் அடர்ந்த க்ரீமாகத்தான் கண்ணுக்குப் படும்.

அழுக்கை ஒளித்து வைப்பது ஒரு லாபமா என்று கேட்கலாம். சுத்தம் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேட் ஃபினிஷ், அதாவது பளபளப்பில்லாத பெயின்ட்டை அடிக்கடி அழுத்தித் துடைத்தால் அந்த இடம் மட்டும் மெருகேறி மினுங்க ஆரம்பிக்கும். கறை போனாலும் அந்த மினுமினுப்பு போகாது. அதற்குப் பயந்து வெள்ளை அடிப்பவர்கள் பலரும் கழுவ வசதியான, லேசாகப் பளபளக்கும் சாட்டினுக்குப் போகிறார்கள். சாட்டினோ பக்கவாட்டு வெளிச்சத்தில் பட்டி பார்த்த இடத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். க்ரீம் அடித்தால் குறைவாகத் துடைத்தால் போதும்; அதனால் மேட்டிலேயே நிற்கலாம்; அதனால் சுமாரான சுவரும் நல்ல சுவராகத் தெரியும். இந்தச் சங்கிலிதான் என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது.

டச்சப், அதாவது கெட்டுப்போன இடத்தில் மட்டும் மறுபடி பெயின்ட் அடிப்பதிலும் இதே கதை. வெள்ளையில் புதுப் பெயின்ட் பழைய சுவரைவிடத் தூக்கலாகத் தெரியும். சாம்பல் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தால் ரோலர் ஓடிய தடம்கூடத் தெரியும். இளம் க்ரீம் மேட்டில், மீந்த பெயின்ட்டைச் சின்ன ரோலரால் ஓரம் கரையும்படி உருட்டிவிட்டால் பெரும்பாலும் கலந்துவிடுகிறது. கதவுகளில் அடிக்கும் வெள்ளை ஆயில் எனாமலும் காலப்போக்கில் மஞ்சளாகும். சாம்பல் சுவருக்குப் பக்கத்தில் அது பழசாகத் தெரியும், க்ரீமுக்குப் பக்கத்தில் உறுத்தாது.

க்ரீமின் சிக்கல், அதைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. கார்டில் சாதுவாகத் தெரியும் நிறம் சுவரில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ எட்டிப் பார்க்கும். நான்கு சுவர்களும் ஒன்றின் வெளிச்சத்தை மற்றொன்றில் கொட்டுவதால் மஞ்சளும் கூடும். அதனால் மனதுக்குப் பிடித்த ஷேடைவிட ஒரு படி வெளிறியதை எடுப்பதே நல்லது. பக்கத்தில் என்ன நிறம் நிற்கிறது என்பதும் முக்கியம். பாரிஸில் கோபெலின் என்ற திரைச்சீலை நெய்யும் பட்டறையில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரல் 1839-லேயே இதை விரிவாக எழுதினார்: அடுத்தடுத்து நிற்கும் நிறங்கள் ஒன்றின் தோற்றத்தை மற்றொன்று மாற்றும். பளீர் வெள்ளைக் கூரைக்குக் கீழே க்ரீம் சுவர் மங்கிப்போன வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். கூரைக்கும் துளி மஞ்சள் சேர்ந்த வெள்ளையை அடித்தால் சரியாகிவிடும்.

பல்பையும் சேர்த்து முடிவு செய்யுங்கள். பல்பின் கெல்வின் எண் வெளிச்சத்தின் சாயலைச் சொல்வது: எண் ஏறினால் நீலம் தட்டும், இறங்கினால் மஞ்சள் தட்டும். 6500 கெல்வின் வெளிச்சத்தில் க்ரீம் உயிரில்லாமல் கிடக்கும். 2700-இல் மஞ்சள் ஒரு சுற்று ஏறும். எனக்கு ஒத்துவந்தது 3000 முதல் 4000 வரை. ஓர் அட்டையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்ததும் சுவர் சுவராக மாற்றி வைத்துப் பகலிலும் இரவிலும் பாருங்கள். ஈரத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்ட் காயும்போது பொதுவாக ஒரு சாயல் அடர்த்தியாகும்.

சமையலறையில் நான் க்ரீம் அடிக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறும் இடத்தில் மேட் தாங்குமா என்பதை அனுபவத்தில் சொல்ல முடியாது. அங்கே கழுவக்கூடிய பூச்சுதான் முதல் தேவை, நிறம் அப்புறம். வீட்டை விற்கும்போது க்ரீம் கைகொடுக்கும் என்பார்கள். நான் விற்றதில்லை, அதனால் அதை என் வாதத்தில் சேர்க்கவில்லை. நேர் வெயில் நாள் முழுக்க விழும் அறையில், ஏற்கெனவே மஞ்சள் தரையும் மஞ்சள் மரமும் இருந்தால், நானே சாம்பலைத்தான் எடுப்பேன். ஓவியங்களை மாட்டி அவற்றின் நிறம் மாறாமல் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு வெள்ளை. கைகள் நிறைய படும் கூடத்துக்கும் நடைவழிக்கும், எல்ஆர்வி 70-ஐ ஒட்டிய க்ரீம், மேட் ஃபினிஷில்.